சரித்திரக் கதையின் சுவையை ஊட்டியவர் கல்கி

துருக்கிய அரச தொலைக்காட்சி 2014 ஆம் ஆண்டு முதல் 2019 ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பிய எர்துக்ருல் என்னும் சரித்திரத் தொடர், உலகெங்குமுள்ள முஸ்லிம் இல்லங்களுக்குள் புகுந்தது போலவே கொழும்பு தெமட்டகொடை, மருதானைப் பகுதி இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. பின்னர் 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்தினத்தின் பொன்னியின் செல்வன் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, அதே வீதிகளின் தமிழ் இல்லங்களில் சோழர் கதையே பேச்சாயிற்று. ஒரே தொடர்மாடியில் ஒரு வீட்டில் எர்துக்ருல் குதிரை ஏறுகிறார். அடுத்த வீட்டில் வந்தியத்தேவன் குதிரை ஏறுகிறான். இரு வீட்டாரும் தாம் பார்ப்பது கதையா, வரலாறா என்று கேட்டுக்கொள்வதில்லை. சுவையில் மூழ்கியிருப்பவர்களிடம் அக்கேள்வியைக் கேட்பதும் அவ்வளவு நாகரிகமன்று.

ஆயினும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தமிழில் அதைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் ஒரு மனிதரின் வாழ்க்கையாகும். சரித்திரக் கதை வாசிக்கும் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களின் வாராந்தப் பழக்கமாக்கியவர் கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தி.

அவர் இத்துறையின் முன்னோடி அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழின் முதல் சரித்திர நாவலாகப் பலராலும் கொள்ளப்படும் மோகனாங்கி 1895 இல் வெளிவந்தது. அதை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, 1885 இல், அறிஞர் சித்திலெவ்வை அசன்பே சரித்திரத்தை வெளியிட்டிருந்தார். எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கும் அக்கற்பனைக் கதைக்கு அவர் சரித்திரம் என்றே பெயரிட்டார். தெமட்டகொடைக்கு அயலிலுள்ள மருதானை ஸாஹிராக் கல்லூரியின் தோற்றத்திற்கு வித்திட்டவரும் அவரே. ஆகவே இத்துறையின் தொடக்கப் பக்கங்களில் இலங்கைத் தமிழர் ஒருவரும் இலங்கை முஸ்லிம் ஒருவரும் இருக்கிறார்கள். இதை நமது பாடசாலைகள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டெம்பர் 9 ஆம் திகதி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், மாயவரத்திற்கு அண்மையிலுள்ள புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி ஐயர் கிராமக் கணக்கர், வசதியான குடும்பமன்று. ஊர்ப் பெயரை நோக்கின் ஒரு காலத்தில் பௌத்தர்கள் வாழ்ந்த இடமாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. காவிரியும் கொள்ளிடமும் பாயும் அந்நாட்டில் ஒவ்வொரு பழங்கோயிலின் சுவரிலும் சோழர் கல்வெட்டு உண்டு. பிற்காலத்தில் அவர் எழுதப்போகும் கதையின் களம் முழுவதும் பிறந்த ஊரிலிருந்து மாட்டு வண்டி செல்லும் தூரத்திலேயே கிடந்தது.

திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தவர், 1921 இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, பள்ளியிறுதிப் பரீட்சைக்குச் சிறிது காலமே இருந்த நிலையில் படிப்பைத் துறந்தார். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது எளிய தியாகமன்று. அந்தச் சான்றிதழ் இருந்திருந்தால் அரசாங்க எழுதுவினைஞர் பதவி ஒன்றாவது கிடைத்திருக்கும். மாறாக 1922 இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

விடுதலையான பின் 1923 இல் திரு.வி.கலியாணசுந்தரனாரின் நவசக்தியில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். வீராவேசமும் தூய தமிழும் கலந்த திரு.வி.க.வின் நடை ஒரு பள்ளிக்கூடம். அங்கு பயின்ற இளைஞர் அந்நடையைப் பின்பற்றாமல் தமக்கென வேறொரு நடையை வகுத்துக்கொண்டார். எளிமை, நகைச்சுவை, எதிரே அமர்ந்திருப்பவரோடு உரையாடும் பாங்கு ஆகியன அதன் இயல்புகள். கல்கி என்ற புனைபெயர் நிலைத்ததும் அக்காலப் பகுதியிலேயே. பின்னர் இராஜாஜியின் அழைப்பில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திற்குச் சென்று, மதுவிலக்குப் பிரசாரத்திற்கான விமோசனம் சஞ்சிகையில் பணியாற்றினார். அதன்பின் மீண்டும் சிறை சென்றார்.

1930களில் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் ஆசிரியரானதும் அவரது பெயர் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. சிறுகதை, அரசியல் தலையங்கம், சங்கீத விமர்சனம், திரைப்பட விமர்சனம், பிரயாணக் கட்டுரை என ஒரே வாரத்தில் பல துறைகளில் எழுதினார். இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்வது பயனுடையது. 1939 இல் அவரது தியாகபூமி விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாகவும் தயாராகிக்கொண்டிருந்தது. தொடருக்குச் சித்திரத்திற்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. அப்படத்தைப் பிரிட்டிஷ் அரசு பின்னர் தடை செய்தது. எழுத்தும் திரையும் ஒன்றையொன்று வளர்க்கும் வித்தையைத் தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்பே கல்கி அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபடும் விருப்பம் காரணமாக விகடனை விட்டு விலகி, மூன்று மாதம் சிறையிலிருந்து மீண்டவர், நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தச் சஞ்சிகை ஒன்றை ஆரம்பித்தார். அதற்கு வேண்டிய மூலதனத்திற்காகவே எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி திரைப்படத்தில் நாரதராக நடித்தார். 1941 ஓகஸ்டில் கல்கி வெளிவந்தது. அதில்தான் சரித்திர நாவலாசிரியர் கல்கியும் பிறந்தார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகள் தேச விடுதலைக்காக எழுதியவர் ஏழாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டிய அவசியம் என்ன? பார்த்திபன் கனவை வாசித்தால் விடை புலப்படும். பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிறிய சோழ நாடு, சுதந்திரக் கொடியைக் கனவு காணும் மன்னன், தந்தையின் கனவை நிறைவேற்றப் புறப்படும் மகன் என்று செல்கிறது அக்கதை. 1941 இன் தமிழ் வாசகருக்கு அந்தக் கொடி எந்தக் கொடி என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரே எழுதினால் தணிக்கைக்காரரின் கத்தரிக்கோல் காத்திருந்த காலமது.

அடுத்து வந்த சிவகாமியின் சபதம் இன்னும் பெரிய முயற்சி. மாமல்லபுரக் கடற்கரையில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் முதலான நண்பர்களோடு கழித்த நிலாக்கால வேளையொன்றில் அக்கதை மனதில் கருக்கொண்டதாக அவரே பதிவுசெய்துள்ளார். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, வாதாபிப் படையெடுப்பு ஆகியன வரலாறு, சிவகாமி கற்பனை. இதில் நமது நாட்டுக்கும் ஓர் இழை உண்டு. அரசுரிமையை இழந்து காஞ்சியில் அடைக்கலம் புகுந்து, பல்லவர் படையுதவியோடு அநுராதபுரத்து அரியணையை மீட்ட மானவன்மனைச் சூளவம்சம் கூறுகிறது. கல்கி அவ்விளவரசனைத் தமது கதைக்குள் அழைத்துக்கொண்டார்.

பொன்னியின் செல்வன் 1950 ஒக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஓடியது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். சஞ்சிகையின் விற்பனை எழுபதாயிரம் பிரதிகளைத் தாண்டியது. மணியம் வரைந்த சித்திரங்களே குந்தவையும் வானதியும் பூங்குழலியும் எப்படியிருப்பார்கள் என்பதைத் தமிழர் மனதில் நிரந்தரமாகத் தீட்டிவிட்டன. பிற்காலத் திரைப்பட ஒப்பனையாளரும் அந்தக் கொண்டைகளை எளிதில் மீற முடியவில்லை.

அந்நாளில் இந்தியத் தபால்களும் சஞ்சிகைகளும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து புகையிரதத்தில் கொழும்புக்கும் வந்துசேர்ந்தன. தனுஷ்கோடியை 1964 டிசெம்பர் சூறாவளி அழிக்கும் வரை அவ்வழி நீடித்தது. அந்தப் புகையிரதம் களனியைக் கடந்து தெமட்டகொடை ஊடாகத்தான் மருதானைக்குள் நுழைய வேண்டும். எனவே கொழும்பு கோட்டையில் இறங்குமுன் வந்தியத்தேவன் வாரந்தோறும் நமது ஊரைக் கடந்தே சென்றான் எனலாம். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர், அத்தியாயப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கட்டிய பழைய தொகுதிகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கங்கள் தொலைந்து, வீட்டுக்கு வீடு கைமாறிய அத்தகைய கட்டுகளில் கதையை முடிவறியாமல் வாசித்தவர்கள் அநேகர்.

வாரந்தோறும் ஓர் ஆபத்தில் நிறுத்திவிட்டுச் செல்லும் உத்தியே இன்றைய தொலைக்காட்சித் தொடர்களின் உயிர்நாடி. பிரான்ஸின் அலெக்சாந்தர் துமாவும் ஆங்கிலத்தில் சேர் வால்டர் ஸ்கொட்டும் கல்கிக்கு முன்மாதிரிகள். துமாவின் வாள்வீரர்களைச் சந்தித்தவர்களுக்கு வந்தியத்தேவனின் துடுக்குத்தனம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். அது குறையன்று. பிற நாட்டு அச்சில் தமிழ் மண்ணைக் குழைத்து வார்த்ததே கல்கியின் ஆற்றல்.

இனி, வரலாறு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு வருவோம். கல்கி தமக்குக் கிடைத்த ஆராய்ச்சி நூல்களைக் கற்றே எழுதினார். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் அப்போது வெளிவந்திருந்தன. ஆனால் மூல ஆதாரங்கள் வியக்கத்தக்க அளவு சொற்பமானவை. வந்தியத்தேவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததெல்லாம், இராஜராஜனின் தமக்கை குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைக் கல்வெட்டு குறிப்பிடுவதே. அந்த ஒரு வரியிலிருந்தே ஐந்து பாகங்களையும் சுமக்கும் கதாநாயகன் எழுந்தான். எர்துக்ருலின் நிலையும் இதுவே. மகன் உஸ்மான் அச்சிட்ட நாணயமொன்றில் தந்தையின் பெயர் இருக்கிறது. சமகால ஆதாரமாக அதற்கு மேல் சொல்லக்கூடியது மிகச் சிறிதே. துருக்கியில் 150 அங்கங்கள் அதன்மேல் கட்டப்பட்டன.

ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியிலுள்ள அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைத் தந்து, அவர்களது உறவினரின் உடைமைகள் பற்றிய ஆணையையும் அது கூறுகிறது. இவர்களுள் ரவிதாசனும் பரமேசுவரனும் தாங்கிய பிரமாதிராயன் என்ற பட்டம், அவர்கள் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்த அந்தணர்கள் என்பதைக் காட்டுகிறது. கல்கியோ ரவிதாசனை நள்ளிரவில் ஆந்தைபோல் அலறும் மந்திரவாதியாகவும் பாண்டிய நாட்டு ஆபத்துதவியாகவும் ஆக்கினார். கல்வெட்டில் இல்லாத நந்தினியை அவனோடு சேர்த்தார். கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்கரை அந்தக் கோயிலுக்கு அருகிலேயே உள்ளது என்பது தற்செயலாக இருக்க முடியாது. கொலையாளி யார் என்பதை நாவல் கடைசிவரை மூடுபனியிலேயே வைத்திருக்க, திரைப்படம் அதற்குத் தானாக ஒரு விடையைத் தந்துவிட்டது. அவ்விடத்தில் நாவலின் தயக்கமே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

இளவரசன் அருள்மொழிவர்மன் சிற்றப்பன் உத்தமனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்ததற்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஆதாரம் உண்டு. தியாகச் சிகரம் என்ற ஐந்தாம் பாகம் அதன்மீதே எழுந்தது. செப்பேட்டை எழுதுவித்தவர் இராஜராஜனின் மகனே என்பதையும் வாசகர் மறத்தலாகாது. தந்தையைப் பற்றி மகனின் அரசவைப் புலவர் கூறும் நற்சொல் அது.

இலங்கை வாசகர் மிகவும் நெருங்கி வாசிப்பது இரண்டாம் பாகமான சுழற்காற்றையே. கதைக்காகக் கல்கி மணியத்தோடு இந்நாட்டுக்கு வந்து சென்றார். இலங்கையில் ஒரு வாரம் என்ற பயண நூலும் அவரது எழுத்துகளுள் உண்டு. மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம், ஆனையிறவு, தொண்டைமானாறு என்று அவர் காட்டும் வழிகளை நம்மவர்கள் தத்தம் பேருந்துப் பயணங்களோடு ஒப்பிட்டு மகிழ்வது வழக்கம். அங்கே சோழ இளவரசன், போரில் சிதைந்த பௌத்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறான். பிக்குகள் ஈழத்து மணிமுடியையே நீட்டுகின்றனர், அவன் மறுத்துவிடுகிறான்.

இது கற்பனை. ஈழப் போரில் இளவரசன் அருள்மொழி பங்குபற்றினான் என்பதற்குச் சான்றில்லை. அக்காலப் படையெடுப்பில் வந்து இங்கேயே மாண்டவன் கொடும்பாளூர்ச் சிறிய வேளான் என்று கல்வெட்டு கூறுகிறது. இராஜராஜனாக முடிசூடிய பின்னர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த படையெடுப்பில் அநுராதபுரம் வீழ்ந்தது. மகன் இராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டிலேயே இறந்தான். விகாரைகளும் தாதுகோபங்களும் கொள்ளையிடப்பட்டமையைச் சூளவம்சம் வேதனையோடு விவரிக்கிறது. தெமட்டகொடையில் நமது அயல் வீட்டுச் சிங்களப் பிள்ளை பாடசாலையில் கற்பது அந்த வரலாற்றை. நமது பிள்ளை இரசிப்பது மணிமுடியை மறுத்த இளவரசனின் கதையை. இருவரும் ஒரே பந்து விளையாடும் வீதியில் இரு வேறு சோழர்கள் உலவுகிறார்கள்.

அதற்காகக் கல்கி வரலாற்றை வெறுமனே அழகுபடுத்தினார் என்று தீர்த்துவிடவும் கூடாது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை சோழராட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு பேணப்பட்டதற்கு அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளே சாட்சி. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்தான். கொள்ளையும் கொடையும் ஒரே வம்சத்தின் கைகளால் நிகழ்ந்தன. கல்கி கொடையை எடுத்துக்கொண்டு கொள்ளையைப் பின்னணிக்குத் தள்ளினார். சூடாமணி விகாரை உண்மையில் இராஜராஜன் ஆட்சிக்காலத்தில் எழுந்தது. நாவலில் அது சில பத்தாண்டுகள் முன்னதாகவே நின்று, காய்ச்சலில் விழுந்த இளவரசனுக்குப் புகலிடம் தருகிறது. 1950களில், பிரிவினைக் கலவரத்தின் இரத்தம் உலராத காலத்தில், ஒரு சைவ இளவரசனைப் பௌத்த மடத்தில் பிழைக்கவைத்த காந்தியவாதியின் நோக்கம் விளங்கிக்கொள்ளக்கூடியதே.

முஸ்லிம் வாசகருக்கு உறுத்தும் இடம் வேறொன்று. அதே பாகத்தில் சோழக் கப்பலைக் கைப்பற்றி மாலுமிகளைக் கொன்று குவிக்கும் முரட்டு அரபியர் வருகிறார்கள். குதிரை வாணிகத்திற்கு வந்தவர்கள் கொடியவர்களாகவே அறிமுகமாகி, கொடியவர்களாகவே மறைகிறார்கள். நல்ல அரபியர் ஒருவரையேனும் அக்கடலில் கல்கி மிதக்கவிடவில்லை. இதை மதத் துவேஷம் என்று கூறுவது அவரது வாழ்க்கைக்குப் பொருந்தாது. காந்தியத்தில் தோய்ந்தவர் அவர். அலை ஓசையில் பிரிவினைக் கால வெறியை மனம் நொந்து எழுதியவர். ஆங்கிலச் சாகசக் கதைகளில் கடல் வந்தால் கடற்கொள்ளையர் வரவேண்டும் என்ற மரபை ஆராயாமல் எடுத்தாண்டார் என்பதே எனது எண்ணம். துவேஷமின்றி எழுதப்பட்டாலும் தவறான சித்திரம் தவறான சித்திரமே. பல தலைமுறை இளம் வாசகர்கள் அதை வாசித்து வளர்ந்துள்ளனர்.

அக்காலத்து உண்மை என்ன? கொழும்பிலேயே கண்டெடுக்கப்பட்ட கூபி எழுத்துக் கல்லறைக்கல் ஒன்று பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன்னியின் செல்வன் நிகழ்வதாகக் கூறப்படும் அதே நூற்றாண்டில், இந்தத் துறைமுகத்தில் அரபியர் வாழ்ந்தனர், இறந்தனர், மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டனர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோனகன் சாவூர் என்ற பெயர் காணப்படுகிறது. சோழராட்சியில் மதிப்புப் பெற்றிருந்த சோனகர் ஒருவரின் பெயர் அது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவும் தென்னகத் துறைமுகங்களில் புகழுடன் இயங்கியது. வாளேந்திய அரபியரைக் கல்கி கண்டார். கணக்கேடும் தராசும் ஏந்திய அரபியரைக் காண, அவர் பார்த்துப் பழகிய அதே தஞ்சைக் கோயிலுக்குள் இன்னும் சற்று நேரம் நின்றிருந்தால் போதும்.

லக்னோவைச் சேர்ந்த அப்துல் ஹலீம் ஷரர் என்ற உருது எழுத்தாளரின் நினைவு இங்கே வருகிறது. வால்டர் ஸ்கொட்டின் சிலுவைப் போர்க்கால நாவலில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதம் கண்டு மனம் வருந்திய அவர், 1888 இல் அதே சிலுவைப் போரைக் களமாகக்கொண்டு தாமே ஒரு நாவலை எழுதினார். உருதுவில் சரித்திர நாவல் என்னும் துறை அதனோடு வேரூன்றியது. கெய்ரோவில் அல் ஹிலால் சஞ்சிகையை நடத்திய லெபனான் கிறிஸ்தவரான ஜுர்ஜி ஸைதான், இஸ்லாமிய வரலாற்றை இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக எழுதி, அரபு உலகின் சாதாரண வாசகரை வரலாற்றின்பால் ஈர்த்தார். கல்கியைப் போன்றே தமது சொந்தச் சஞ்சிகையில், தொடராகவே. தமிழ் முஸ்லிம்களின் கடல் வாணிப வரலாறு அத்தகைய ஒரு பெரும் நாவலுக்கு இடந்தரக்கூடியது. காயல்பட்டினத்திலிருந்து பேருவளைக்கும் கொழும்புக்கும் வந்த பாய்மரங்களில் எத்தனை வந்தியத்தேவர்கள் வந்திருப்பார்கள்!

திரையில் வரும்போது இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. நாவலில் ஆசிரியர் இடையிடையே நின்று வாசகரோடு பேசுவார். கல்வெட்டையும் செப்பேட்டையும் குறிப்பிடுவார். வாசிப்பவர் இது கதை, இது ஆதாரம் என்று ஓரளவு பிரித்தறிய இடமுண்டு. காட்சியோ அவ்வாறு நின்று பேசுவதில்லை. 1990 இல் தூர்தர்ஷன் திப்பு சுல்தானின் வாள் தொடரை ஒளிபரப்பியபோது, அது நாவலொன்றைத் தழுவிய கற்பனை என்ற அறிவிப்போடு காட்டவேண்டிய அளவுக்கு வழக்குகள் எழுந்தன. 2012 ரமழானில் உமர் தொடர் ஒளிபரப்பானபோது, கலீபாக்களுக்கு நடிகர் முகம் கொடுக்கலாமா என்று மார்க்க அறிஞர்களிடையே கடும் வாதம் நிகழ்ந்தது. பொன்னியின் செல்வனுக்கும் திரை எளிதில் வாய்க்கவில்லை. 1958 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய முயற்சி கைகூடவில்லை. நாடக மேடையில் 1999 இல் சென்னையில் வெற்றி கண்ட பின்னரும், முழுமையான திரைவடிவம் வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு மலிவுப் பதிப்புகள் பெருகின. தெமட்டகொடையின் நடைபாதைப் பழைய புத்தகக் குவியலிலும் ஐந்து பாகங்களில் ஒன்றையாவது காணலாம்; பெரும்பாலும் நமக்குத் தேவைப்படும் பாகமாக அது இருப்பதில்லை.

கல்கியின் பொதுப்பணியையும் இரண்டு வரிகளில் சொல்ல வேண்டும். எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் அமைக்க வாசகரிடம் நிதி திரட்டி, 1947 இல் அதைத் திறந்துவைக்கச் செய்தார். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கோரிய தமிழிசை இயக்கத்தில் முன்னணியில் நின்றார்.

தாம் எழுதியவற்றுள் சரித்திர நாவல்களைவிட அலை ஓசையையே அவர் உயர்வாகக் கருதினார். 1934 பீகார் பூகம்பம் முதல் காந்தியடிகளின் மறைவு வரை தாம் வாழ்ந்து கண்ட காலத்தை எழுதிய நாவல் அது. அதற்குக் கிடைத்த சாகித்திய அக்காதமிப் பரிசு 1956 இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. வாசகரின் தீர்ப்பு வேறாக இருந்தது. இன்றும் வேறாகவே இருக்கிறது. பொன்னியின் செல்வனை வாசித்த பத்துப் பேரில் ஒருவராவது அலை ஓசையைத் திறந்திருப்பாரா என்பது ஐயமே.

பொன்னியின் செல்வன் 1954 மே மாதம் நிறைவுற்றது. நெடுங்காலமாக உடலை அரித்துவந்த காசநோயோடு அமரதாரா என்ற அடுத்த தொடரைத் தொடங்கினார். 1954 டிசெம்பர் 5 ஆம் திகதி, ஐம்பத்தைந்தாவது வயதில், சென்னையில் காலமானார். அமரதாரா பாதியில் நின்றது. தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து, எஞ்சிய அத்தியாயங்களை மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.